தரை காய்ந்துதான் இருந்தது

எனக்கு சர்வீஸ் போட வராது, மேடம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பன்னிரண்டு வருடமாக டேபிள் டென்னிஸ் ஆடுகிறேன். என் சர்வீஸைப் பார்த்துப் பயந்தவர் இன்றுவரை ஒருவரும் இல்லை. பந்தை உள்ளங்கையிலிருந்து மேலே தூக்கிப் போட்டு, இறங்கும்போது பேட்டால் அடியில் உரசிச் சுழல விட வேண்டும். என் கையில் அது சுழலாது, சும்மா போய் விழும். "இன்னாடி சினேகா, சர்வீஸ் போடறியா, சாமிக்குப் பூ போடறியா?" என்று என் சிநேகிதி கெங்கா கேட்பாள். நாங்கள் ஆடுகிற ராயபுரம் மன்றத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

சர்வீஸ் வராதவர்களுக்கு இருக்கிற ஒரே வழி, அடுத்தவர் சர்வீஸைத் திருப்பி எடுப்பதில் கெட்டிக்காரர் ஆவது. நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

நீங்கள் கேட்டது தரையைப் பற்றி. தெரியும். அதற்குத்தான் வருகிறேன்.

தரை காய்ந்துதான் இருந்தது. தரை ஈரம் என்று கெங்காவின் அம்மா குப்பம்மா மனுவில் எழுதியிருப்பது சரியல்ல. ராயபுரத்தில் கடல் ரொம்பப் பக்கம் என்பதால் சில மாதங்களில் மன்றத்தின் மொசைக் தரை வியர்க்கும், உண்மைதான். ஆனால் உங்கள் கம்பெனி வேலைக்கான தேர்வு ஆட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்ச்மேன் கருணாகரன் அண்ணன் ஆறு மணிக்கே வந்து, கடல் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தி, பழைய வேட்டியால் இரண்டு தடவை துடைத்திருந்தார். நான் ஆறரைக்கு வந்து என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்பது உங்களுக்குப் போகப் போகப் புரியும். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. உங்கள் விசாரணை முடியும்வரை அவரை வேலையை விட்டு நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் நானாகவே வந்தேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா?

நசீர் பாய் உங்களிடம் என்ன சொன்னார் என்றும் எனக்குத் தெரியும். மன்றத்தில் எங்களுக்கெல்லாம் மூத்த ஆட்டக்காரர் அவர். அவர் சொன்னது சரிதான். ஆனால் அவருக்குத் தெரிந்தது பாதி. மீதியை நான் சொல்கிறேன்.

முதலில் கெங்கா எப்படி ஆடுவாள் என்று சொல்ல வேண்டும். முழுப்பெயர் கெங்கம்மா. இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அப்படி ஒரு பெயர். திருவொற்றியூர் குப்பத்தில் அவர்கள் வீட்டு வழக்கம் அது. "பேரு கேட்டா கிழவின்னு நினைச்சிகினு வருவாங்கோ, மொத பந்துலயே தெரிஞ்சிரும்" என்பாள். அவள் சர்வீஸ் வலைக்குப் பக்கத்திலேயே குட்டையாக விழும். அடியில் சுழல் வேறு. அதை யாரும் ஓங்கி அடிக்க முடியாது. எதிரே இருப்பவர் மெல்லத்தான் தள்ள வேண்டும். பெரும்பாலும் அவளுடைய இடது மூலைக்கு நீளமாகத் தள்ளுவார்கள். அதற்குத்தான் அவள் காத்திருப்பாள். இரண்டே எட்டில் மேஜையின் இடது ஓரத்தைச் சுற்றி வெளியே போய், வலது கையை முழுசாக வீசி ஓர் அடி. அந்த அடியை எடுத்தவர்கள் வடசென்னையில் இல்லை. ஒரு நாள் அந்த அடியில் பந்து விரிசல் விட்டுவிட்டது. நசீர் பாய் அதை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்துவிட்டு, "அரே, செத்துருச்சும்மா, போஸ்ட்மார்ட்டத்துக்கு அனுப்பு" என்றார்.

அவளிடமிருந்து தப்பிக்க ஒரே ஒரு வழிதான். டபாய்க்க வேண்டும். மன்றத்தில் அதை அப்படித்தான் சொல்வோம். சர்வீஸ் போட்டவுடன் அவள் கண் என் கைக்கு வந்துவிடும். பேட் எந்தப் பக்கம் சாய்கிறது, தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது, எல்லாம் பார்ப்பாள். ஆகவே நான் இடது மூலைக்குத் தள்ளப் போகிறவளைப் போலவே கையைக் கொண்டுபோய், பந்து பேட்டைத் தொடுகிற அந்தக் கடைசிக் கணத்தில் மணிக்கட்டை மட்டும் திருப்பி வலது பக்கம் அனுப்ப வேண்டும். அல்லது அங்கேயே கையைத் தளர்த்தி வலைக்குப் பக்கத்தில் சும்மா விட்டுவிட வேண்டும். இது ஏமாற்று இல்லை, மேடம். ஆட்டமே அதுதான். விதிப் புத்தகத்தில் சர்வீஸ் போடுகிறவர் பந்தை மறைக்கக் கூடாது என்று இருக்கிறது. திருப்பி எடுக்கிறவர் மனதை மறைக்கக் கூடாது என்று எங்கும் இல்லை.

ஆனால் கெங்காவிடம் என் டபாய்ப்பு பலிக்கவே இல்லை. நான் எவ்வளவு அழகாகக் கையை மறைத்தாலும், இடது மூலைக்கு உண்மையாகத் தள்ளும்போது மட்டும் அவள் முன்னாடியே சுற்றிப் போய் நிற்பாள். பொய்யாகக் காட்டும்போது நகர மாட்டாள். ஒரு வருடத்துக்கு மேல் எனக்குக் காரணம் தெரியவில்லை.

போன வருடம் பிப்ரவரியில் தெரிந்தது. மன்றத்தின் பக்கவாட்டில் குழாயடி இருக்கிறது. நான் அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கெங்காவும் நசீர் பாயும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ எங்க எடுப்பான்னு எப்டிம்மா உனுக்கு மட்டும் முன்னாடியே தெரியுது? நானும் பாக்கறேன், ஒண்ணும் புடிபடல."

"அது ஒண்ணியும் இல்ல பாய். இந்தப் பக்கம் நீளமா தள்ளப் போறான்னா நாக்கு நுனி வெளிய வந்துரும். பல்லால கடிச்சிக்குவா, பால்வாடிப் புள்ள மாதிரி. அத்தப் பாத்த ஒடனே நான் சுத்திப் பூடுவேன்."

"தோஸ்துன்ற. அவளாண்ட சொல்ட்டியா?"

"சொல்லிட்டா அப்புறம் நான் எப்டி பாய் ஜெயிக்கறது?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் குழாயை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றேன், தண்ணீர்ச் சத்தம் நின்றால் நான் இருப்பது தெரிந்துவிடும் என்பதால்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். யாராவது நம் முகத்தில் ஒரு கறையைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் சிரித்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன், அவ்வளவுதான்.

வீட்டில் பீரோ கண்ணாடி முன்னால் பேட்டை வைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீடு கொருக்குப்பேட்டையில், ரயில் பாதை ஓரம். கூட்ஸ் வண்டி போனால் அந்தக் கண்ணாடி ஆடும். ஆடுகிற கண்ணாடியில் பார்த்தேன், நாக்கு வெளியே வந்தது. பத்தொன்பது நாள் ஆயிற்று அதை நிறுத்த. காலையில் மாதவரத்தில் கூரியர் குடோனுக்கு வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம், வந்த பிறகு ஒரு மணி நேரம். இருபதாம் நாள் நாக்கு என் பேச்சைக் கேட்டது.

இருபத்தொன்றாம் நாள் நான் மன்றத்துக்குப் போனேன். கெங்கா சர்வீஸ் போட்டாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு இடது மூலைக்குத் தள்ளினேன்.

ஆமாம். வேண்டுமென்றேதான்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அப்படியே செய்தேன். ஒரு சாயங்காலத்துக்கு நாற்பது தடவையாவது இருக்கும். நாக்கைக் கடித்தால் இடது மூலை. கடிக்காவிட்டால் வேறெங்காவது. ஒரு தடவைகூட மாற்றவில்லை. பயிற்சியில் ஒரே ஒரு முறை மாற்றியிருந்தாலும் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் அவள் சுற்றிப் போய் அடித்தாள், ஒவ்வொரு புள்ளியும் அவளுக்குப் போனது. மன்றத்தில் என்னைப் பார்த்துப் பாவப்பட ஆரம்பித்தார்கள். "சினேகாவுக்கு ஆட்டம் இறங்கிப்போச்சு" என்றார்கள். அந்த எட்டு மாதமும் நான் அவளிடம் உண்மையாக இருந்தேன், மேடம். அவ்வளவு உண்மையாக யாரும் யாரிடமும் இருந்திருக்க மாட்டார்கள். கடைசியில் அவள் என் நாக்கைப் பார்ப்பதுகூட இல்லை என்று நினைக்கிறேன். அவள் கால்களே பார்த்தன.

எதற்காகச் சேர்த்துவைத்தேன் என்று கேட்டால், அப்போது எனக்கே தெரியாது. என்றாவது ஒரு நாள் ஒரு புள்ளி தேவைப்படும் என்று மட்டும் தெரியும்.

ஆகஸ்டில் உங்கள் கம்பெனி அறிவிப்பு வந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் டேபிள் டென்னிஸ், பெண்கள் பிரிவு, ஒரே ஓர் இடம். நிரந்தர வேலை. வயது வரம்பு இருபத்தைந்து. எனக்கு அந்த டிசம்பரில் இருபத்தைந்து முடிய இருந்தது. கெங்காவுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. அதோடு அவர்கள் வீட்டில் ஒரு படகும் இருக்கிறது. எண்ணூர் பக்கம் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் சேர்ந்துபோய் மீனே இல்லை, படகு கரையிலேயே கிடக்கிறது என்று அவள் சொல்வாள். ஆனாலும் படகு படகுதானே. என் அப்பாவுக்குக் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. நான் அவளையும் என்னையும் ஒப்பிடவில்லை. நிலைமையைச் சொல்கிறேன்.

செப்டம்பரில் அவள் முட்டியில் அடி பட்டது. குப்பத்தை ஒட்டிக் கடலரிப்புக்காகப் பாறை கொட்டியிருக்கிறார்கள் இல்லையா, அதில் ஏதோ விளையாட்டாகக் குதித்திருக்கிறாள். இடது முட்டி. வீட்டில் சொல்லாமல் என்னைத்தான் கூப்பிட்டாள். தண்டையார்பேட்டையில் ஸ்கேன் எடுக்க நான்தான் கூடப் போனேன். டாக்டர் மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் முட்டி இருந்தது. அதைக் கையில் எடுத்து எங்களுக்குக் காட்டினார். உள்ளே ஒரு நார், பாதி அறுந்திருக்கிறது. ஆறு மாதம் ஓய்வு கொடுத்தால் ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிட வாய்ப்பு உண்டு. நேராக ஓடினால்கூடப் பெரிய மோசமில்லை. ஆனால் பாதம் தரையில் ஊன்றியிருக்கும்போது உடம்பு மட்டும் சட்டென்று திரும்பினால், இப்படி என்று சொல்லி அந்த பிளாஸ்டிக் எலும்பைத் திருகினார். அது லேசாகக் கிறீச்சென்றது. கெங்கா வேறு பக்கம் பார்த்தாள். நான் பார்த்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாராண்டையும் சொல்லிராதடி. அம்மாவுக்குத் தெரிஞ்சா ஆட்டத்தையே நிறுத்திரும். செலக்ஷன் வரிக்கும் தாங்குனா போதும். வேலை கிட்ச்சதும் மெதுவா பாத்துக்கலாம்."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்தச் சத்தியத்தை நான் காப்பாற்றினேன். தேர்வுக்கு முன்னால் உங்கள் மெடிக்கல் ஆபீசருக்கு ஒரு போன் செய்து சொல்லியிருந்தால் போதும், அவளை விலக்கியிருப்பார்கள், வேலை எனக்கு வந்திருக்கும், அவள் முட்டியும் பிழைத்திருக்கும். நீங்கள் அதைத்தான் கேட்க வருகிறீர்கள் என்று உங்கள் முகத்தில் தெரிகிறது. நானும் யோசித்தேன். இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் சிநேகிதி நம்பிச் சொன்னதைக் காட்டிக்கொடுப்பது எனக்கு முடியாது, மேடம். நான் அப்படி வளரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காலையில் எட்டுப் பேர். மதியத்துக்குள் கெங்காவும் நானும் மட்டும் மிஞ்சினோம். யாருக்கும் அதில் ஆச்சரியம் இல்லை. அவள் டிராக் பேண்டுக்குள் முட்டியில் பட்டை சுற்றியிருந்தாள். சுற்றிவிட்டது நான்தான், பாத்ரூமில், ஆட்டத்துக்கு முன்னால். இறுக்கமாகச் சுற்றினேன். நன்றாகத்தான் சுற்றினேன், அதில் குறை வைக்கவில்லை.

ஐந்து கேம் ஆட்டம். முதல் நான்கு கேமில் நான் ஒரு தடவைகூட நாக்கைக் கடிக்கவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். வாயை இறுக மூடிக்கொண்டு ஆடினேன். கெங்காவுக்குக் குருட்டாட்டம் ஆகிவிட்டது. எந்தப் பக்கம் வரும் என்று தெரியாமல் நடுவிலேயே நின்றாள். இரண்டு வருடத்தில் முதல்முறையாக என் டபாய்ப்பு பலித்தது. ஆனால் அவள் என்னைவிட நல்ல ஆட்டக்காரி. அது எப்போதும் அப்படித்தான். நின்ற இடத்திலிருந்தே அடித்தாள். இரண்டு கேம் அவளுக்கு, இரண்டு எனக்கு.

ஐந்தாவது கேமிலும் வாயை மூடியபடியே ஒன்பதுக்கு ஒன்பது. அடுத்த இரண்டு சர்வீஸும் அவளுடையது.

இங்கே நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆறு புள்ளிக்கு ஒரு முறை துண்டால் முகம் துடைத்துக்கொள்ள விடுவார்கள். ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு. ஆகவே துடைத்துக்கொள்ளப் போனோம். எங்கள் மன்றத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு, நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ராத்திரி பகலாக வாசலில் நிற்பதால் மாவு மாதிரி ஒரு தூசி உள்ளே வந்து படியும். எவ்வளவு துடைத்தாலும் அரை மணியில் ஷூ வழுக்கும். அதற்காகக் கருணாகரன் அண்ணன் ஒரு கோணிச்சாக்கை நனைத்துப் பிழிந்து, நடுவர் நாற்காலிக்குப் பக்கத்தில் மடித்துப் போட்டிருப்பார். அதில் இரண்டு ஷூவின் அடியையும் தேய்த்துவிட்டுப் போனால், கொஞ்ச நேரத்துக்கு ஷூ தரையைப் பல்லி மாதிரி பிடிக்கும்.

கெங்கா முகத்தைத் துடைத்துவிட்டு அப்படியே மேஜைக்குப் போகப் பார்த்தாள். அவசரத்தில் மறந்துவிட்டாள். நான் சாக்கைக் காலால் அவள் பக்கம் தள்ளினேன்.

"தொடச்சிக்கோடி, வழுக்கிறப் போறே."

"தேங்க்ஸ்டி" என்றாள். இரண்டு காலையும் நன்றாகத் தேய்த்தாள். நானும் தேய்த்தேன்.

மேடம், அவள் வழுக்கி விழுந்தாள் என்று மனுவில் இருக்கிறதே, அது எவ்வளவு தவறு என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். வழுக்கியிருந்தால் கால் விலகிப் போயிருக்கும், பின்பக்கமாக உட்கார்ந்திருப்பாள், கூட்டம் சிரித்திருக்கும். வழுக்காததுதான் விஷயம்.

அவள் சர்வீஸ் போட்டாள். குட்டையாக, அடிச்சுழலோடு, என் இடது பக்கம். நான் குனிந்தேன். பேட்டை அவள் இடது மூலையை நோக்கிச் சாய்த்தேன். நாக்கு நுனியை வெளியே நீட்டிப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

அவள் கண்ணில் அது பட்டதை நான் பார்த்தேன். ஒரு சின்ன வெளிச்சம் மாதிரி. பதற்றத்தில் பழைய பழக்கம் திரும்பிவிட்டது என்று நினைத்திருப்பாள். உடனே சுற்றினாள். இரண்டு எட்டு. இடது பாதம் மேஜைக்கு வெளியே ஊன்றியது, உடம்பின் கனம் முழுவதும் அதன் மேல் இறங்கியது. அந்தக் கணம் வரைக்கும் நான் பந்தைத் தொடவில்லை. பந்து எனக்காகக் காத்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. பிறகு மணிக்கட்டைத் திருப்பினேன். பந்து அவளுடைய வலது மூலைக்கு, ரொம்ப தூரத்துக்குப் போனது.

வலைக்குப் பக்கத்தில் சும்மா விட்டிருந்தாலும் புள்ளி எனக்குத்தான். அவள் அவ்வளவு தூரம் வெளியே போயிருந்தாள். முன்னால் ஓடிவந்திருப்பாள், எட்டியிருக்காது, நேராக ஓடினால் முட்டிக்கும் ஒன்றும் ஆகாது. அதையும் யோசித்தேன். ஒரு பந்து வருவதற்குள் எவ்வளவு யோசிக்க முடியும் என்று நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் அப்படிச் செய்தால் பத்துக்கு ஒன்பதுதான் ஆகும். இன்னொரு சர்வீஸ் அவள் கையில் இருந்தது. எனக்கு ஒரு புள்ளி போதாது.

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பந்தை விட்டிருப்பார்கள். கெங்கா எந்தப் பந்தையும் விட மாட்டாள். உடம்பு வலப்பக்கம் திரும்பியது. பாதம் திரும்பவில்லை.

சத்தம் கேட்டதாகச் சிலர் சொன்னார்கள். எனக்குக் கேட்டது. டாக்டர் மேஜையில் கேட்ட கிறீச் மாதிரி இல்லை. ஈரத் துணியைக் கிழிப்பது போல.

அவள் மல்லாந்து கிடந்தாள். அழவில்லை. கூரையைப் பார்த்து "அம்மா, அம்மா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். நான்தான் முதலில் ஓடினேன். தலையை மடியில் வைத்துக்கொண்டேன், என் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தேன். பாதி அவள் கழுத்தில் வழிந்து தரையில் கொட்டியது. குப்பம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது கையை ஊன்றிய இடம் அதுதான். எழுந்து உள்ளங்கையை எல்லோருக்கும் காட்டினார்கள். "பாருங்கய்யா, ஈரம்! தரையெல்லாம் ஈரமா வச்சிகினு எம்பொண்ண ஆட விட்டுகிறீங்களே!" அந்த அம்மா பொய் சொல்லவில்லை. கை ஈரமாகத்தான் இருந்தது. அது நான் கொடுத்த தண்ணீர்.

கெங்கா தொடர முடியாததால் நடுவர் என் பெயரை எழுதினார். வாசலில் நசீர் பாய் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நாக்க கடிச்சியேம்மா" என்றார். "பந்து எப்டி இந்தாண்ட வந்துச்சு?"

"மாத்திட்டேன் பாய்" என்றேன்.

"எப்ப?"

நான் பேட்டைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். அவர் அதற்குப் பிறகு மன்றத்துக்கு வருவதில்லை என்று சொன்னார்கள்.

முதல் நான்கு கேமில் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லவில்லையே. அதையும் சொல்லிவிட்டால் முடிந்துவிடும்.

தேர்வுக்கு முந்தைய நாள், சனிக்கிழமை சாயங்காலம், பயிற்சி முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். கருணாகரன் அண்ணன் வெளியே வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். கெங்கா பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்க்காமல் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்டி. திட்டாதே."

"என்ன?"

"நீ இந்தப் பக்கம் நீளமா தள்றப்போ நாக்க கடிச்சிக்கிற. ரெண்டு வருசமா அத்தப் பாத்துதான் நான் ஆடறேன். சொல்லாம கம்முனு இருந்துட்டேன். மனசே செரியில்ல. நாளிக்கி வேலைக்கான ஆட்டம். உன்ன அப்டி ஜெயிச்சிட்டு அந்த வேலைக்குப் போனா எனுக்கு சோறு எறங்காது. வாய மூடிக்கினு ஆடு. இன்னா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது.

"அப்படியா?" என்றேன். "எனக்குத் தெரியவே தெரியாதே."

"தெரியாதுதான். தெரிஞ்சா செய்வியா? நீ கடிச்சாலும் நான் பாக்க மாட்டேன், ப்ராமிஸ். ஆனா நீயும் கடிக்காத."

"முயற்சி பண்றேன்டி" என்றேன்.

அவள் நிம்மதியாகச் சிரித்தாள். என் கன்னத்தைக் கிள்ளினாள். ஸ்டேஷன் வரைக்கும் நொண்டிக்கொண்டே கூட வந்தாள். ரயிலில் கூட்டம். எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அவள் நின்றாள், அந்த முட்டியோடு. கொருக்குப்பேட்டையில் நான் இறங்கும்வரை என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தாள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. எட்டு மாதம் சேர்த்தது வீணாகிவிட்டதே என்று முதலில் தோன்றியது. வீடு வந்து சேர்வதற்குள் வீணாகவில்லை என்று புரிந்துவிட்டது. நாள் முழுக்கக் கடிக்காமல் இருந்துவிட்டு ஒரே ஒரு தடவை கடித்தால், அவள் முன்னைவிட நன்றாக நம்புவாள். பார்க்க மாட்டேன் என்று சொன்னாள். ஆனால் பார்க்காமல் இருக்க அவளால் முடியாது. அது அவள் கையில் இல்லை, நான் பழக்கிய கண் அது.

அவ்வளவுதான் நடந்தது. விதியை மீறிய இடம் எது என்று நீங்களே சொல்லுங்கள். கருணாகரன் அண்ணனை வேலைக்குக் கூப்பிடச் சொல்லிவிடுங்கள். அவர் சாக்கைக்கூட அன்று நன்றாகத்தான் பிழிந்திருந்தார்.

கெங்காவை ஒரு முறை போய்ப் பார்த்தேன், ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம். உங்கள் கம்பெனியில் சேர்ந்து முதல் சனிக்கிழமை அது. அடையாள அட்டையைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன், மாட்டிக்கொண்டு போகவில்லை. அவர்கள் வீட்டுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தொடையிலிருந்து கணுக்கால் வரை பட்டை. இனிமேல் நடக்கலாம், ஆட முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அவள் அம்மா எனக்கு டீ போட உள்ளே போனதும் என் கையைப் பிடித்து அருகில் இழுத்தாள். அவள் என்ன கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன்.

அவள் கேட்கவில்லை.

"உம்மேல ஒரு தப்பும் இல்லடி" என்றாள். ரகசியம் சொல்கிற குரலில். "அம்மா தரை தரைன்னு சொல்லிகினு கீது. தரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாக்க மாட்டேன்னு உன்னாண்ட ப்ராமிஸ் பண்ணிட்டு, கடைசில பாத்துட்டேன். நாக்கப் பாத்து ஓடிட்டேன். திருட்டுத்தனமா ஜெயிக்கப் பாத்தேன். அதான் இப்டி ஆயிருச்சு. ராத்திரியெல்லாம் இதேதான் ஓடிகினு கீது மனசுல. என்ன மன்னிச்சிருடி."

டீ வந்தது. சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அலை பாறையில் மோதிக்கொண்டே இருந்தது. நான் அவள் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருடம் என்னிடம் மறைத்தவள் அவள். சொன்ன வாக்கை ஒரே நாளில் மீறியவளும் அவள்தான். ஆனாலும் சிநேகிதி.

மன்னித்துவிட்டேன், மேடம்.